நானும் நாலாங்கிளாஸ் பாஸ்

அனுப்புநர்: ஒரு தகப்பன், முட்டை லாரி ஓட்டுநர், எருமப்பட்டி.
பெறுநர்: தாளாளர் அவர்கள், என் மகள் படிப்பதாக ரசீதுகள் சொல்லும் தனியார் பள்ளி.
பொருள்: 2022 ஜூன் 13, பள்ளி திறப்புக்கு நாங்கள் ஆயத்தமாகும் விவரம் தெரிவித்தல்.

ஐயா,

ஆறாம் வகுப்புக் கட்டணம், புதுச் சீருடை, ஷூ, பஸ் எல்லாவற்றுக்கும் பதிமூணாம் தேதிக்குள் பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப் அனுப்பியிருந்தீர்கள். ரெண்டு வருசமாக ஒழுங்காகப் பார்க்காத பிள்ளையை மறந்திருப்பீர்களோ என்று பயந்துகொண்டிருந்தோம். பழைய பாக்கியைப் பைசா பிசகாமல் எழுதியிருந்ததைப் பார்த்ததும் நிம்மதி.

நாலாம் வகுப்புச் சீருடையை 2020 மார்ச் முதல் வாரமே உங்கள் கவுண்டரில் வாங்க வைத்தீர்கள். அந்த மாசமே கொரோனாவுக்காகப் பள்ளியைப் பூட்டினார்கள். ஷூ பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. போன வாரம் எடுத்து மாட்டிப் பார்த்தாள். குதிகால் வெளியே நிற்கிறது. உள்ளே போட்டிருந்த, தின்னக் கூடாது என்று எழுதிய பொட்டலம் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. டை வீண்போகவில்லை. ஆட்டுக்குட்டிக்குக் கழுத்தில் கட்டிவிட்டோம். உங்கள் பள்ளிச் சின்னத்தோடு காலையில் அது வேலியோரம் நிற்கிறபோது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே தெரியும்.

அந்த பஸ்ஸும்தான் புளியமரத்தடியில் டயர் காற்றிறங்கி நின்றது. நின்ற வருசத்துக்கும் பஸ் கட்டணம் கேட்டீர்கள். ஓடாத வண்டிக்கு வாடகை வாங்கும் வித்தையை, இத்தனை லாரிப் பட்டறை இருக்கிற நாமக்கல்லில் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

ஆன்லைன் வகுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். வீட்டில் இருந்தது ஒரே போன். அது என்னோடு கேரளா லோடுக்கு வந்துவிடும். வாளையார் செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது, செடி எப்படித் தனக்குச் சாப்பாடு தயாரிக்கிறது என்று நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின்னால் நின்ற டேங்கர்க்காரன் ஹாரனை அமுக்க, “யாரந்த ஸ்டூடன்ட்? மியூட் பண்ணுங்க” என்றார் டீச்சர். மகளுக்கு முழு வருகைப் பதிவு போட்டு ஆல் பாஸும் கொடுத்துவிட்டீர்கள். வகுப்புக்கு வந்தவனை மறந்துவிட்டீர்களே, அதில்தான் எனக்குச் சின்ன வருத்தம்.

கொரோனாவில் வருமானம் போனவர்களிடம் 2019-20 கட்டணத்தில் 75 சதவீதம், மற்றவர்களிடம் 85 சதவீதம், அதையும் ஆறு தவணையில் வாங்கலாம் என்று 2021 ஜூலை 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. லோடு பாதியாகிவிட்டதைச் சொல்ல ஆபீசுக்கு வந்தேன். “அது மெட்ராஸ் தீர்ப்பு சார்” என்றார் கவுண்டர் மேடம். இந்த ஊரில் முட்டைக்கே விலையை அறிவிக்க ஒருங்கிணைப்புக் குழு உண்டு. ஏறினாலும் இறங்கினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். 2009 சட்டப்படி உங்கள் கட்டணத்துக்கும் ஒரு குழு இருக்கிறதாம். அது நிர்ணயித்த தொகையை நோட்டீஸ் போர்டில் தேடினேன். ஸ்போர்ட்ஸ் டே போட்டோவுக்கு அடியில் இருக்கும்போல.

இப்போது டெஸ்ட் வைத்து, மகளுக்கு ‘லேர்னிங் கேப்’ இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதை அடைக்கப் பிரிட்ஜ் கோர்ஸாம், அதற்குத் தனிப் பணமாம். பள்ளத்துக்குக் காசு வாங்கியவர்களுக்கே பாலத்துக்கும் காண்ட்ராக்ட்.

அந்த டெஸ்டில் வகுத்தல் கணக்கு மட்டும் சரியாகப் போட்டிருக்கிறாள் என்று பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டை உரியவரிடம் சேர்க்க வேண்டும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்த பிறகு, எங்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு காலேஜ் பொண்ணு சாயங்காலம் பாடம் நடத்துகிறது. அந்த வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. என் மகள் உங்கள் ஐடி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பொண்ணு விரட்டவில்லை. ஒரு கை புளியங்கொட்டையை நாலு நாலாகக் கூறு வைத்துக் காட்டிவிட்டு, எந்தக் கூறிலும் சேராத மூணு கொட்டையை இவள் உள்ளங்கையில் வைத்து, “இதுதான் மீதி” என்றது. அந்த மூணு கொட்டை இன்னும் பென்சில் டப்பாவில் கிடக்கிறது. அந்தப் பொண்ணுக்கு ஊக்கத்தொகை மாசம் ஆயிரம் ரூபாய். உங்கள் பிரிட்ஜ் கோர்ஸில் ஒரு வாரத்துக்குக்கூட அது காணாது.

ஆகவே மாற்றுச் சான்றிதழ் வேண்டுகிறேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படிப் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாசம் ஆயிரம் என்று போன மார்ச் பட்ஜெட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் உங்கள் பஸ் டிரைவர்தான். அவர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பாக்கிக்காக நீங்கள் டி.சி.யை நிறுத்தி வைத்தாலும் பாதகமில்லை. அது வரத் தாமதமாவதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறதாம். அதுவும் மெட்ராஸ் சட்டம் இல்லை, டெல்லி.

இப்படிக்கு,
நாலாங்கிளாஸ் பாதி படித்தவன்.

இணைப்பு: ஷூ ஒரு ஜோடி, மண்ணில் படாதது. டையைத் திருப்பித் தர இயலவில்லை. அவிழ்த்தால் குட்டி கத்துகிறது.