பிள்ளைக்கு இரும்பு எட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஆறு மாதம் முடிந்த பிள்ளை இருக்கும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீடுகளுக்கான கையேடு இது. சிரமம் அதிகமில்லை, பாதி வேலையை இயற்கையே முடித்துவைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. தாய் வயிற்றில் பிள்ளை சேர்த்துவைத்த இருப்பும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். பிறகு வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் காவல் காப்பதுதான் நம் பொறுப்பு.

முதலில் பருப்பு. குக்கரைத் திறந்ததும் கிளறிவிடாதீர்கள். கரண்டியின் முதுகால் லேசாக அழுத்தினால் பருப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை மட்டும் கிண்ணத்தில் இறுத்து, 'பருப்புத் தண்ணி' என்று பெருமையாக ஊட்டவும். அடியில் கிடக்கும் இரும்பும் துத்தநாகமும் பெரியவர்களின் சாம்பாருக்கு.

மீனில்தான் உஷாராக இருக்க வேண்டும். கடலூர் முதுநகர்ப் பக்கம் கவலையும் நெத்திலியும் கூடை கூடையாக வருகின்றன. யாராவது முள் நீக்கி மசித்து, ஒரு விரலளவு பிள்ளை வாயருகே கொண்டுபோனால், "பச்சப்புள்ளைக்குக் கவிச்சி ஆவாது, மாந்தம் வரும்" என்று ஆயா அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். ஈரலையும் சுவரொட்டியையும் ரத்தம் ஊறும் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். ஊற வேண்டியது வீட்டு மாப்பிள்ளைக்கு.

சைவக் குடும்பங்கள் கேழ்வரகை முளைகட்டாமல் அரைக்கவும். முளைகட்டினால் பைட்டேட் குறைந்து இரும்பு உடம்பில் ஒட்டிவிடும் அபாயம் உண்டு. கொய்யா, நெல்லிக்காயும் வேண்டாம். அவற்றின் வைட்டமின் சி இரும்புக்கு வழிவிடும். டீயில் நனைத்த பிஸ்கட் உத்தமம். கொஞ்சநஞ்சம் உள்ளே போன இரும்பையும் டீ தடுத்துவிடும்.

பால்வாடியில் தரும் சத்துமாவு? மணமாக இருக்கும். வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்து மாலையில் எல்லோருமாகச் சாப்பிடலாம்.

பலன் கிடைக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4.

ஒரே இடையூறு, செவிலியர் கொடுத்துவிட்டுப் போகும் இரும்புச்சத்து சிரப். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு, வாரம் இரண்டு முறை. பதற வேண்டாம். ஒருமுறை கொடுங்கள். மறுநாள் பிள்ளை கறுப்பாக வெளிக்குப் போகும். அந்த மருந்துக்கு அது இயல்புதான். ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பாட்டிலைப் பரண்மேல் ஏற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.