முடிவைச் சொன்ன பாவி

கேள்வி: விக்கிப்பீடியாவில் சினிமாக் கதையை முடிவுவரை எழுதிவிடுகிறார்களே, ‘ஜாக்கிரதை’ என்று ஒரு வரி போடக்கூடாதா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முன்பு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-ல் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ‘கதை’ என்று தலைப்பிட்டால் உள்ளே கதைதானே இருக்கும், இதற்கு எச்சரிக்கை வேறா என்பது அவர்கள் வாதம். 1952 முதல் லண்டனில் நடக்கும் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொள்வார்கள். விக்கி போட்டு உடைத்தது. 2010-ல் கிறிஸ்டியின் பேரன் வருத்தப்பட்டும் அசையவில்லை.

முடிவைச் சொல்வதில் எனக்குப் புகார் இல்லை, சொல்லும் விதத்தில்தான். திரைப்படக் கதைக்கு 400 முதல் 700 சொல் என்பது அங்கே வழிகாட்டல். நம் ஆட்களோ கதாநாயகி ஆட்டோவில் ஏறி இறங்குவதைக்கூட விடமாட்டார்கள். உங்கள் ஊரிலேயே நடக்கும் கன்னடப் படம், 2016-ல் பவன் குமார் எடுத்த ‘யூ டர்ன்’. அதற்கு ஒரு வரி போதும்: டபுள் ரோடு மேம்பாலத்தில் தடுப்புக் கல்லை நகர்த்திவிட்டுத் திரும்பிய பைக்காரர்களைத் தேடிப்போகிறார் ஒரு பயிற்சிப் பத்திரிகையாளர்.

அப்புறம் என்ன ஆனது? சொல்ல மாட்டேன். விக்கியில் பார்த்துக்கொள்ளுங்கள்.