மூன்று சதுர மீட்டர் உயிர்

கேள்வி: உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில் மட்டும் வளரும் பாசி இருக்கிறதாமே, நிஜமா?
(வாசகி, கும்பகோணம்)

நிஜம்தான். டெர்பிஷயர் இறகுப் பாசி. தாவரவியல் பெயர் தம்னோபிரையம் அங்குஸ்டிஃபோலியம். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றில், ஊற்றுநீர் வழிகிற ஒரு பாறையில் இருக்கிறது. பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். உங்கள் வீட்டுத் திண்ணை இதைவிடப் பெரிதாக இருக்கும். சுற்றுவட்டத்தில் சில சின்னத் திட்டுகள், அவ்வளவுதான்.

கேள்வி: அது எந்தப் பள்ளத்தாக்கு? மகனைப் பார்க்க லண்டன் போகிறேன், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே.
(வாசகர், திருச்சி)

மகனைப் பாருங்கள், பாசியை விட்டுவிடுங்கள். இடம் எது என்று பாதுகாவலர்கள் வெளியே சொல்வதில்லை. அபூர்வம் என்று தெரிந்தால் ஆளுக்கு ஒரு சிட்டிகை கிள்ளத் தோன்றும். 3 சதுர மீட்டர் எத்தனை சிட்டிகை தாங்கும்? 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதைப் பறிப்பதே குற்றம். ஆனாலும் சட்டத்தைவிட மௌனம் நன்றாகக் காவல் காக்கிறது என்பது என் கட்சி.

கேள்வி: சுற்றி ஒரு கம்பி வேலி போட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை பேர் மெனக்கெட வேண்டும்?
(வாசகர், கோவில்பட்டி)

வேலி ஆட்டைத் தடுக்கும், உரத்தைத் தடுக்காது. பாசிக்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் உண்டு. தண்ணீரை உடம்பு முழுவதாலும்தான் குடிக்கிறது. இலை ஒரே ஓர் அடுக்கு செல்தான். நம் செடிகளுக்கு இருப்பதுபோல் மெழுகுப் பூச்சு, கெட்டித் தோல் என்று பெரிய காப்பு கிடையாது. ஊற்றில் என்ன வந்தாலும் நேராக உடம்பில் ஏறும். அந்த ஊற்றோ, மேலே எங்கோ ஒரு வயலில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி வருவது. அங்கே உரமோ மாட்டுக்கழிவோ அதிகமானால் இங்கே பாசிக்குக் கேடு. அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சினால் இங்கே பாறை காயும். போதாக்குறைக்கு, வேகமாக வளரும் மற்ற பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே காப்பாற்ற வேண்டியது பாசியை மட்டுமல்ல. அதற்கு வரும் தண்ணீரை, அந்தத் தண்ணீர் வரும் வழி முழுவதையும்.

கேள்வி: ஒருநாள் அந்தப் பாறையே சரிந்துவிட்டால்?
(வாசகி, சேலம்)

எனக்கும் அதே பயம்தான். ஆறுதலான ஒரு விஷயம், பாசியின் சிறு துணுக்கிலிருந்துகூட முழுப் பாசியை வளர்க்க முடியும். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில், பிரிட்டனின் அருகிவரும் பாசிகளைச் சோதனைக் குழாயில் வளர்த்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமிக்கும் வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் உறைந்த துணுக்கை எடுத்து நட ஓர் ஈரப் பாறை வேண்டுமே!

கேள்வி: படித்துறையில் கால் வழுக்க வைப்பதும் இதுவும் ஒன்றா?
(வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. படித்துறையில் வழவழப்பது பெரும்பாலும் ஆல்கா. தமிழில் இரண்டையும் பாசி என்றே சொல்கிறோம், அதனால் வரும் குழப்பம் இது. நான் சொல்வது தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி. கோடையில் பழைய மதில் சுவரில் பழுப்பாக, முறுக்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் முறுக்கு அவிழ்ந்து, கண்ணெதிரே பச்சை நட்சத்திரமாக விரியும். இதைப் பார்த்தவர்கள் அப்புறம் சுவரைச் சுரண்ட யோசிப்பார்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் இதையெல்லாம் யாராவது கவனித்திருக்கிறார்களா?
(வாசகி, திண்டுக்கல்)

உங்கள் மாவட்டத்திலேயே! கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஃபோரோ, பழனி மலைப் பாசிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அவருடைய பழனி மலைப் பாசிகள் பட்டியல் 1961-இல் அச்சானது. சோலைக்காட்டு மரங்களில் மெத்தை மெத்தையாகத் தொங்குவதில் எது சாதாரணம், எது அபூர்வம் என்று நம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை மலைக்குப் போனால், பூந்தொட்டிக்கு ஆகும் என்று அதை உரித்து எடுத்து வராதீர்கள். லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.