டிரையத்லான்காரர்: காந்தி மார்க்கெட் வகை

நீந்திவிட்டு, சைக்கிள் மிதித்துவிட்டு, அதன் பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஓடுகிறவர் டிரையத்லான்காரர். திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் தென்படும் வகை பெரும்பாலும் நாற்பதை நெருங்கியது. வெங்காய மண்டியிலோ மளிகை மொத்தக் கடையிலோ கல்லாவில் உட்கார்ந்தே தொப்பை போட்டு, டாக்டர் "கொஞ்சம் நடங்க" என்று சொன்னதை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டது. லாரிகளிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில், உடம்பைக் கவ்விப் பிடித்த கறுப்பு உடையில், மெலிந்த டயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்திலிருந்து வெளிப்படுவார். அந்தச் சைக்கிளின் விலை வீட்டில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கும்.

இந்த விளையாட்டின் நெடுந்தூர வடிவம் ஒரு வாய்த்தகராறில் பிறந்தது. யாருடைய உடம்பு உறுதி, நீச்சல்காரனுடையதா ஓட்டக்காரனுடையதா என்று ஹவாயில் கிளம்பிய பேச்சைத் தீர்க்க, ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி மூன்று நெடுந்தூரப் பந்தயங்களை ஒன்றாகக் கோத்துவிட்டார். 1978 பிப்ரவரியில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். காந்தி மார்க்கெட் டீக்கடைகளில் இதைவிடக் காரமான தகராறுகள் தினமும் நடக்கின்றன. ஒன்றுகூட 42 கி.மீ. ஓட்டத்தில் போய் முடியவில்லை என்பது ஊரின் விவேகம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் என்ற அளவில் டிரையத்லான் அரங்கேறியது. புதியவர்களுக்கு அதில் பாதி: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. இதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். வைத்தவர் ஓடிப் பார்த்தவராக இருக்க முடியாது.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத் துறையில் சிறு வயதில் தலையைத் தூக்கிக்கொண்டு அடித்த நீச்சலை அண்ணா விளையாட்டரங்கக் குளத்தில் மறக்க வேண்டும்; அவ்வளவுதான். கையே பெரும்பாலான வேலையைச் செய்யும். காலைப் பின்னால் வரும் வேலைக்காக மிச்சம் பிடிக்க வேண்டும். இவரோ காலைப் படபடவென்று அடித்து, பக்கத்தில் நீந்தும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணில் தண்ணீரை இறைத்து, கரையேறியதும் தலை கிறுகிறுக்கத் தூணைப் பிடித்துக்கொள்வார். நெடுநேரம் படுத்த வாக்கில் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் தலைக்கு ஏறச் சற்று நேரம் ஆகும்.

இவருடைய பொற்காலம் சைக்கிள். காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவல் வழியாகக் கல்லணைச் சாலையைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. ஆற்றுக்காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும் வரை வேகம் தன் திறமை என்றும், முகத்தில் அடித்தால் இயற்கையின் சதி என்றும் கருதுவார். கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதே வீரம் என்பது இவர் கொள்கை. அதற்கான பில் திரும்பி வந்து இறங்கும்போது வரும்.

மார்க்கெட் முன்னால், முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவாக நிற்கும் மணிக்கூண்டு அருகே சைக்கிளை நிறுத்தி, ஓடக் காலெடுத்து வைக்கிறார். கால்கள் இரண்டும் வாடகைக்கு எடுத்தவை போல நடந்துகொள்கின்றன. டீ மாஸ்டர், "என்னண்ணே, கால் மரத்துப்போச்சா?" என்பார். கேள்வியில் ஏளனம் இருந்தாலும் விஷயம் சரி. இருக்கையில் உடம்பின் கனம் இறங்கியிருக்க, தொடை மட்டும் ஒரே வட்டத்தில் ஆயிரக்கணக்கான முறை சுற்றியிருக்கிறது. இடுப்பு மடங்கி, முதுகு குனிந்து கிடந்திருக்கிறது. இப்போது திடீரென்று நிமிர வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைக் கெண்டைக்காலும் முட்டியும் தாங்க வேண்டும். இந்த மாறுதல் தசைக்கும் நரம்புக்கும் பழகுவதற்குள் முதல் கிலோமீட்டர் போய்விடும்.

போதாததற்குக் கண்ணும் ஏமாற்றும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தவருக்கு 10 கி.மீ. வேகம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். ஆகவே நீளமாக எட்டி வைத்துப் பாய்வார். பால்பண்ணை வருவதற்குள் மூச்சு இரைத்து, வாட்சைப் பழுது பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு நிற்பார். சிலர் ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்து ஓடுவதுண்டு. போட்டி விதிப்படி சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகே ஹெல்மெட்டின் கொக்கியை அவிழ்க்கலாம். விதியின் முதல் பாதியைப் பின்பற்றும் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

பரிகாரம் எளிது, செலவில்லாதது என்பதால் இவருக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை. சைக்கிளின் கடைசி ஐந்து நிமிடம் கியரைத் தளர்த்தி, நிமிடத்துக்கு 80, 90 சுற்று வேகத்தில் மிதிக்க வேண்டும். ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய அத்தனை முறைதான் ஒரு கால் தரையைத் தொடுகிறது. தாளம் முன்கூட்டியே காலில் ஏறிவிடும். தண்ணீரைச் சைக்கிளில் இருக்கும்போதே குடித்துவிட்டால் ஓடும்போது வயிறு குலுங்காது. வாரம் ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓட வேண்டும். 'பிரிக்' பயிற்சி என்பது இதுதான். ஓட்டத்தின் தொடக்கத்தில் எட்டு குறுகலாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடத்தை இவர் யூடியூபில் மாதக்கணக்காகப் பார்ப்பார். பத்தடி தள்ளி, லாரியிலிருந்து வெங்காய மூட்டையைப் பிடரியில் வாங்கிய லோடுமேன், முட்டியை இலேசாக மடக்கி, குட்டிக் குட்டி எட்டாக, பாதத்தை இடுப்புக்குக் கீழேயே ஊன்றி, "வழி, வழி" என்றபடி மண்டிக்குள் போய்க்கொண்டிருப்பார். எட்டு அப்பழுக்கற்றது. காலில் ரப்பர் செருப்பு. இவர் அதைக் கவனிப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தன் ஷூவின் எலாஸ்டிக் லேஸைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஆகவே, காலை ஏழு மணிவாக்கில் பால்பண்ணைப் பக்கம் ஹெல்மெட்டும் தலையுமாக ஒருவர் தள்ளாடி ஓடிவந்தால், சோடா உடைக்க வேண்டாம், ஆட்டோ கூப்பிட வேண்டாம். பத்து நிமிடத்தில் கால் தானாக வந்து சேரும். வழியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சட்டென்று விலக அவரால் ஆகாது.