தீவகத்துக்குத் தண்ணி கொடுக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குத் தண்ணி கொடுக்கிற பொறுப்பில் உம்மைப் போட்டிருக்கிறார்களாம். சந்தோசம். நான் சொல்லுகிறபடி நடந்தீர் என்றால் பென்சன் எடுக்கும்வரை ஒரு வில்லங்கமும் வராது.

முதலில் ஒருக்கால் குறிகட்டுவானுக்கு வாரும். பண்ணைப் பாலம், வேலணை, பிறகு புங்குடுதீவுத் தாம்போதி என்று வழிநெடுகக் கடல்தான். இறங்குதுறையில் நின்றுகொண்டு, "இவ்வளவு தண்ணி கிடக்குது, பிறகென்ன குறை?" என்று மட்டும் கேளாதேயும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு பார்த்து நிற்கிற சனம் அந்தப் பகிடியைக் கேட்டுக் களைத்துப் போயிற்று.

அடுத்தது கிணறு. இங்கே காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இரண்டு பேர் நூறு வருசத்துக்கு முன்னமே கணக்குச் சொல்லிவிட்டார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும். அதே கணக்கைத் திருப்பிப் படித்தால் வயிறு கலங்கும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து சவர் நாற்பதடி ஏறும். துலாவால் கொஞ்சம் கொஞ்சமாய் அள்ளின காலத்தில் ஆருக்கும் இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை; மோட்டர் போட்டு இறைத்தால்தான் அது பலிக்கும். ஆகவே நீர் செய்ய வேண்டியது, "கிணற்றை ஆழமாக்குங்கோ, பெரிய மோட்டர் பூட்டுங்கோ" என்று ஆலோசனை சொல்வது. கிணறு சவராகும். தண்ணிப் பவுசர் கேட்டு மனு வரும். மனு வந்தால்தானே உமது கதிரைக்கும் ஒரு நியாயம்!

உலகமெங்கும் நீர் வழங்குகிறவர்கள் "வருமானம் தராத நீர்" என்று தலையைப் பிய்க்கிறார்கள். குழாயில் ஒழுகுவது, மீற்றரில் விழாதது, களவாய்ப் போவது எல்லாம் அதில் சேர்த்தி. உமக்கு அந்தத் தலையிடி இல்லை. குழாய் போகாத ஊரில் ஒழுக்கு ஏது? பூச்சியம் என்று அறிக்கையில் எழுதும். கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தாலும் வரும்.

திட்டம் என்று ஏதும் பேசுவதானால் பெரிசாகவும் தூரத்திலும் இருக்க வேண்டும். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் கடல்நீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரப் பார்த்தார். அது முழுதாய் நிறைவேறவேயில்லை. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி யாழ்ப்பாணத்துக்கு வருவதாக இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர், "எங்கட வயலுக்கே காணாது" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். தாளையடி இருப்பது வடமராட்சி கிழக்கில், குறிகட்டுவான் இருப்பது மற்ற அந்தத்தில். படத்தில் ஒரு நீலக் கோடு இழுத்து நுனியில் அம்புக்குறி போடும். அம்புக்குறிக்குத் திகதி போடத் தேவையில்லை.

ஆராவது கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் மின்சாரத்தைக் காட்டும். கடல்நீரை வடிக்கக் கனமீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் போகும், அது பொய்யில்லை. 2022 செப்டெம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் தண்ணிக் கட்டணம் ஏறினதை எல்லாரும் அறிவார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் மின்சாரமே டீசல் எரித்துத்தான் எடுத்தார்கள். வெயிலிலும் காற்றிலும் எடுக்கலாம் என்று 2021இல் சீனக் கம்பனி ஒன்றுக்கு வேலை கொடுக்க, இந்தியா முகம் சுழித்தது. பிறகு இந்தியாவே 1.1 கோடி டொலர் நன்கொடை தந்து, 2024 மார்ச்சில் வேறு ஒப்பந்தம் எழுதினார்கள். எனவே தாமதம் ஏன் என்று கேட்டால் "பூகோள அரசியல்" என்று சொல்லும். கேட்டவர் அடுத்த படகிலேயே போய்விடுவார்.

வெளிநாட்டிலிருந்து ஊரவர் தாங்கி கட்டித் தர வந்தால் மறுக்காதேயும். பெயர்ப்பலகை பெரிசாக இருக்கட்டும். தண்ணி பிறகு பார்க்கலாம்.

இனிச் சொல்வதைப் பகிடியாக எடுக்காதேயும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு முடிகிறது. கடலுக்கு ஓடுகிற தண்ணியைக் குளத்திலும் கேணியிலும் மறித்து நிலத்துக்குள் இறக்கினால்தான் அந்த மெல்லிய படை தடிக்கும். தூர்ந்த குளங்களைத் திருத்தித் தாருங்கள் என்று பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதும். புரட்டாசிக்கு முன்னம் எழுதும், தம்பி.