வெட்டி எறிந்த பாதி

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகனிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டேன். போதும்தானே? (ஒரு தாய், மதுரை செல்லூர்)

பதில்: போதாதும்மா. கூட்டாளி போனில் பார்ப்பான். அங்கே விளக்கிச் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒரு வீடியோவையாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஒரு வாட்ஸ்அப் வதந்தியால் உயிரா போய்விடும்?

பதில்: போயிருக்கிறது. 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தவர்கள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரே திரண்டுவிட்டது. காரில் வந்த 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் சிறுவனைத் தூக்கிப் போவார்கள். கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது! கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பாதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். அடித்தவர்கள் பெரியவர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல.

கேள்வி: மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் வெட்டுவதாக வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. நம் ஊர்களில் கட்டட வேலை பார்த்தவர்கள் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். இந்தப் பொய் வீடியோக்களைப் பரப்பிய வழக்கில் கைதான பீகார் யூடியூபரை மதுரை மத்திய சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: இதையெல்லாம் பள்ளியில் சொல்லித்தர முடியுமா?

பதில்: கேரளத்தின் கண்ணூரில் முடிந்தது. 2018இல் அங்கே 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுத்தார்கள். நம் பள்ளிகளிலும் ஒரு பீரியட் ஒதுக்கலாம். ‘மதுரையில் நடந்தது’ என்று வரும் வீடியோவைப் போட்டுக் காட்டி, கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். பையன்கள் துப்பறிவாளர்களாகவே மாறிவிடுவார்கள்.

கேள்வி: அருவாளோடு ரீல்ஸ் போடும் பையன்களை என்ன செய்ய?

பதில்: அவர்களிடமும் வெட்டிய பாதியைத்தான் கேட்க வேண்டும். பாட்டும் கெத்தும் சில நொடிகள். அதற்குப் பிறகு ஸ்டேஷன், வழக்கு, வாய்தா, கோர்ட் வாசலில் நிற்கும் அம்மா. இவை எந்த ரீல்ஸிலும் வராது. திட்டினால் கேட்க மாட்டான். “இதுக்கு அடுத்து என்னடா நடக்கும்?” என்று கேளுங்கள். அவன் வாயாலேயே சொல்லட்டும்.