முகப்பூச்சுக் குப்பிகளின் பின்புற இலக்கியம்: ஓர் உரைநெறி ஆய்வு

முகப்பூச்சுக் குப்பியை ஒரு நூலாகக் கொண்டு ஆராயப் புகுவோர், அதன் முன்பக்கத்தைப் பாயிரம் என்றும் பின்பக்கத்துப் பொடியெழுத்துகளை நூல் என்றும் பகுத்துக்கொள்வது நலம். பாயிரம் புகழும் பொருள் நூலுக்குள் எத்தனையாவது இடத்தில் தலைகாட்டுகிறது என்பதே இத்துறையின் தலையாய சிக்கலாகும். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை முடித்த பின்னரே வான்சிறப்புக்கு வந்தார். குப்பியாசிரியர்களோ 'அக்வா' என்று நேரே நீரிலேயே தொடங்கிவிடுகின்றனர்.

அடுத்து வருவது பெரும்பாலும் கிளிசரின். ஈரத்தை இழுத்து மேற்றோலில் நிறுத்தும் இத்தகைய பொருளுக்கு 'ஹியூமெக்டன்ட்' என்று பெயர். விலை மலிவு, வேலை மெய். பாயிரத்தில் இதற்கு இடம் கிடைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதே குலத்து ஹயலூரோனிக் அமிலம், 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்நீர்மத்திலிருந்து பிரித்தெடுத்தது, பாயிரங்களில் கொலுவீற்றிருக்கிறது. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு மேற்றோலைக் கடப்பது அரிது என்பது தோலியலார் துணிபாகலின், பல இலட்சம் டால்டன் எடையுள்ள இவ்வமிலம் 'ஆழ ஊடுருவும்' என்பதை உயர்வு நவிற்சி அணியாகவே கொள்க.

பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது நோக்கி எழுதுவது மரபு. எனினும் 1 சதவீதத்துக்கு மேற்படாதவற்றை விரும்பிய வரிசையில் அடுக்கலாம் என்றொரு புறனடை உண்டு, எல்லாக் குறும்பும் அங்கேதான். ஃபீனாக்சிஎத்தனால் என்னும் கெடாமல் காக்கும் பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க ஐரோப்பிய விதிகள் இடந்தராமையால், கற்றறிந்தோர் அதனை எல்லைக்கல்லாகக் கொள்வர். முகப்பில் இதழ் விரித்த குங்குமப்பூ அக்கல்லுக்கு அப்பால் நின்றால், குப்பியில் பூவைவிடப் படமே பெரிது. இவ்விதியை எங்கும் பொருத்துவதும் பேதைமையே: வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் 1 சதவீதத்துக்கு வெகு கீழே நின்றும் தோலைப் புதுப்பிக்கும், அளவு மிஞ்சினால் உரிக்கவும் செய்யும்.

'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளைகளை அடைத்துப் பரு எழுப்பாதது, என்னும் அடைமொழியின் வேர் முயலின் காதில் உள்ளது. பூச்சுப் பொருள்களை அக்காதில் தடவிப் பார்த்தே எது அடைக்கும், எது அடைக்காது என முற்காலத்தார் தரம் பிரித்தனர். முயலின் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடுவது என்பதால், அப்பட்டியலில் அஞ்சத்தக்கன எனக் குறிக்கப்பெற்ற சில எண்ணெய்கள் முயல்களுக்கு மட்டுமே கேடானவையாகவும் இருக்கலாம்.

இனி நூலின் காலம். திறந்த சிமிழின் படமும் அதனுள் '12எம்' என்ற குறியும் காணப்பட்டால், திறந்த நாள்முதல் 12 மாதங்களுக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்பது பொருள். திறந்த நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இல்லங்களில் அருகியே காணப்படுவதால், குளியலறை அலமாரியின் பின்வரிசைக் குப்பிகளைப் பொறுத்தவரை காலஆராய்ச்சி இன்னும் 'திருமணத்துக்கு முந்தியது', 'பிந்தியது' என்ற அளவிலேயே நிற்கிறது.